வீட்டிலேயே பைக்கின் முன் டிஸ்க் பேட் மாற்றுவது எப்படி

முன் சக்கரத்தின் டிஸ்க் பேட்டை மாற்ற இரண்டு போல்ட்டையும் ஒன்றிரண்டு பின்னையும் கழற்றினால் போதும். கைப்பழக்கம் உள்ளவருக்கு அரை மணி நேர வேலை. முதன்முறை செய்கிறவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி போக வேண்டியது கழற்றி மாட்டுவதற்கு அல்ல, சுத்தம் செய்வதற்கு. அவசரத்தில் வேலை பார்க்கும் கடைகளில் விட்டுப்போவதும் இந்தச் சுத்தம்தான். புது பேட் போட்ட பிறகும் கீச்சுச் சத்தம் போகவில்லை, ஒரு பக்கப் பேட் மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிட்டது, சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றை நோண்டிப் பார்த்தால் அழுக்கேறிய பிஸ்டனோ காய்ந்துபோன ஸ்லைடு பின்னோதான் காரணமாக இருக்கும்.

இங்கே சொல்லப்போவது 125 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு. பல்சர், அப்பாச்சி, எஃப்இசட், யூனிகார்ன், கிளாசிக் 350 போன்ற வண்டிகளின் முன் பிரேக்கில் ஒரு பிஸ்டன் அல்லது இரண்டு பிஸ்டன் கொண்ட மிதக்கும் காலிப்பர் (டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) இருக்கும். பிஸ்டன்கள் ஒரு பக்கம் மட்டுமே. லீவரை அழுத்தினால் பிஸ்டன் தன் பக்கப் பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பரின் உடலே பக்கவாட்டில் நகர்ந்து எதிர்ப்பக்கப் பேட்டையும் இழுத்து அழுத்தும். காலிப்பர் அப்படி நகர்வது இரண்டு ஸ்லைடு பின்களின் மேல். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே எளிதாகப் புரியும். டிரம் பிரேக்கின் ஷூ மாற்றுவது வேறு வேலை. அதற்குச் சக்கரத்தையே கழற்ற வேண்டும்.

தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது

வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி, கைப்பேசி டார்ச்சை அடித்துக் காலிப்பரின் இடுக்கு வழியாகப் பாருங்கள். டிஸ்க்கின் இருபுறமும் பேட் தெரியும். ஒவ்வொரு பேட்டிலும் இரண்டு அடுக்கு உண்டு: வெளிப்புறம் இரும்புத் தகடு, டிஸ்க்கைத் தொடும் பக்கம் கருத்த அல்லது செம்பு நிறம் கலந்த மெட்டீரியல். புதிதில் மெட்டீரியல் நான்கு, ஐந்து மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இரண்டு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் புது பேட் வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு வந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். பல பேட்களில் நடுவில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். அது மறைந்துவிட்டாலும் ஆயுள் முடிந்தது என்றே அர்த்தம்.

ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். வெளிப்பக்கப் பேட் கண்ணுக்கு எளிதில் படும், உள்பக்கப் பேட் சக்கரத்தின் மறைவில் இருக்கும். இரண்டும் ஒரே அளவில் தேயும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பிரேக் ஆயில் அளவும் ஒரு துப்புக் கொடுக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். ஆகவே ஹேண்டில் பாரில் இருக்கும் ஆயில் கிண்ணத்தில் அளவு குறைந்திருப்பதைப் பார்த்தவுடன் ஊற்றி நிரப்பாதீர்கள். முதலில் பேட்டைப் பாருங்கள். தேய்ந்த பேட்டோடு ஆயிலை நிரப்பி வைத்தால், புது பேட் மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுகையில் அத்தனையும் வழிந்து டேங்கின் பெயிண்டில் கொட்டும். அளவும் குறைந்து பேட்டும் தடிமனாகவே இருந்தால் எங்கோ கசிகிறது. அது வேறு பிரச்சினை, உடனே கவனிக்க வேண்டியது.

பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு உரசும் கரகர சத்தம் கேட்டால் மெட்டீரியல் முழுக்கப் போய்த் தகடே டிஸ்க்கைச் சுரண்டுகிறது. அதற்குமேல் ஓட்டினால் சில நூறு ரூபாய்ப் பேட்டோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளும்.

எந்தப் பேட் வாங்குவது

வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல் பேட்டே புதியவர்களுக்குச் சரியான தேர்வு. காலிப்பர் செய்யும் கம்பெனிகளான பைபிரே, எண்டூரன்ஸ் போன்றவற்றின் பேட்களும், சென்னையின் ரானே போன்ற பழைய பிரேக் கம்பெனிகளின் பேட்களும் நம்பி வாங்கக்கூடியவை. வாங்கும்போது வண்டியின் மாடல், ஆண்டு, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டா இல்லையா என்று மூன்றையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்கு இரண்டு ஆண்டு இடைவெளியில் காலிப்பரே மாறியிருக்கலாம். முடிந்தால் பழைய பேட்டின் படத்தைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். இரும்புத் தகட்டின் வடிவமும் பின் நுழையும் ஓட்டைகளின் இடமும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். சென்னை ஜி.பி. ரோடு மாதிரியான உதிரிபாகக் கடைத்தெருவில் ஒரே பேட்டுக்கு மூன்று விலை சொல்வார்கள். பாக்கெட் இல்லாமல், பெயர் இல்லாமல், பார்ட் நம்பர் இல்லாமல் வரும் பேட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தகட்டிலிருந்து மெட்டீரியல் பெயர்ந்து விழுவது இப்படிப்பட்ட போலிகளில்தான் நடக்கும்.

மெட்டீரியலில் பொதுவாக மூன்று வகை உண்டு. ஆர்கானிக் மெதுவாகப் பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கைத் தேய்க்காது, ஆனால் சீக்கிரம் தீரும். சின்டர்டு என்பது உலோகத் தூளை அழுத்திச் சுட்டது. மழையிலும் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் வரும், டிஸ்க்கைச் சற்றுக் கூடுதலாகத் தின்னும். செமி மெட்டாலிக் இரண்டுக்கும் நடுவே. கம்பெனி எந்த வகை கொடுத்ததோ அதையே போடுங்கள். சின்டர்டுக்கு என்றே கடினப்படுத்தாத டிஸ்க்கில் சின்டர்டு பேட் போட்டால் டிஸ்க் வேகமாகத் தேயும்.

கையில் இருக்க வேண்டியவை

வண்டியோடு வந்த டூல் கிட் போதாது. 12, 14 மில்லிமீட்டர் ரிங் ஸ்பானர் அல்லது சாக்கெட், 5 மில்லிமீட்டர் எல் கீ, நோஸ் பிளேயர், பட்டை ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், 400ஆம் நம்பர் உப்புத்தாள், பனியன் வேஸ்ட் ஒரு கைப்பிடி, ஒரு முழம் கட்டுக்கம்பி. மருந்துக் கடையில் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரேக் கிளீனர் ஸ்ப்ரே வேண்டும். கிடைக்காவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். பெட்ரோலும் டீசலும் கூடாது, ரப்பரைக் கெடுத்துவிடும். அதோடு டிஸ்க்கில் எண்ணெய்ப் படலத்தையும் விட்டுப்போகும்.

சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப் கட்டாயம். செயினுக்கும் பேரிங்குக்கும் போடும் சாதாரண கிரீஸை ஸ்லைடு பின்னில் போட்டால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் பூட் ஊதிப்போய்ப் பின்னைக் கவ்விக்கொள்ளும்.

கைக்கு நைட்ரைல் கையுறை, மூக்குக்கு மாஸ்க். பேட் தூசியை வாயாலும் ஊதக்கூடாது, கம்பிரசர் காற்றாலும் அடிக்கக்கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

கழற்றுவதற்கு முன்

ஓட்டி வந்த சூட்டோடு கை வைக்காதீர்கள், டிஸ்க் தோலைப் பொசுக்கிவிடும். ஒரு மணி நேரம் ஆறட்டும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்ட் மட்டுமே உள்ள வண்டியாக இருந்தால் முதல் கியரில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றப்போவதில்லை என்பதால் வண்டியைத் தூக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆயில் கிண்ணம் சமமாக இருக்கும்படி ஹேண்டில் பாரைத் திருப்பி வையுங்கள். டேங்க்கின் மேல் ஈரத்துணி ஒன்றை விரியுங்கள். மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். மூடியின் இரண்டு ஸ்க்ரூவும் மென்மையான உலோகத்தில் செய்தவை; ஸ்க்ரூ டிரைவரின் நுனி சரியாகப் பொருந்தாவிட்டால் தலை வழுக்கிப் பாழாகும். பொருந்துகிற டிரைவரை வைத்து, அழுத்தம் கொடுத்துக்கொண்டே திருப்புங்கள். ஆயில் மேல் கோட்டுக்கு அருகில் இருந்தால் சிரிஞ்சால் ஐந்து மில்லி எடுத்துவிட்டு, மூடியை இறுக்காமல் மேலே வைத்து மூடுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் துடைத்து நிறுத்தாதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தண்ணீரில் கரையக்கூடியது, கழுவினால் போய்விடும். விட்டுவைத்தால் பெயிண்ட் உரியும்.

பிறகு காலிப்பரை நான்கு கோணத்தில் படம் எடுங்கள். பேட் ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்க்கிறது, பின் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, ஏபிஎஸ் சென்சார் ஒயர் எந்தக் கிளிப் வழியாகப் போகிறது என்பதெல்லாம் மாட்டும்போது மறந்துவிடும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியிலும் அந்த ஒயர் இருக்க வாய்ப்பு அதிகம். அதை இழுக்கக் கூடாது.

கழற்றுவது

முதலில், பேட்களைக் காலிப்பருக்குள் பிடித்துவைத்திருக்கும் பேட் பின். காலிப்பர் இன்னும் ஃபோர்க்கில் உறுதியாக மாட்டியிருக்கும்போதே பேட் பின்னைத் தளர்த்திவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றிக் காலிப்பரை முதலில் கழற்றிவிட்டால், கையில் ஆடும் காலிப்பரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறுகிய பின்னோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். எல் கீயின் வாய்தான் முதலில் கெடும்.

சில வண்டிகளில் பேட் பின்னின் தலைமேல் ஒரு சிறிய மூடி ஸ்க்ரூ இருக்கும், அதை எடுத்தால்தான் பின்னின் தலை தெரியும். சிலவற்றில் பின்னின் மறுமுனையில் ஆர் வடிவக் கிளிப்போ ஸ்பிளிட் பின்னோ இருக்கும். நோஸ் பிளேயரால் அதை முதலில் உருவுங்கள். எல் கீயைச் செருகும் முன் அந்தக் குழியில் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் குத்தி எடுங்கள். கீ அடிவரை இறங்கினால்தான் பிடிமானம் இருக்கும். பின்னை முழுவதும் எடுக்க வேண்டாம், கால் சுற்றோ அரைச் சுற்றோ தளர்ந்தால் போதும்.

பின் அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். மழைத் தண்ணீரில் துருவேறிப் பிடித்திருக்கும். துரு விடுவிக்கும் எண்ணெயை ஒரு துளி மட்டும் திருகு மரையில் விட்டு, டிஸ்க்கை பாலித்தீன் உறையால் மூடிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். ஸ்ப்ரேயாக அடிக்காதீர்கள். அதன்பின்னும் வரவில்லை, கீயின் வாய் வழுக்க ஆரம்பிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். வாய் கெடாத பின்னை எடுப்பது அவருக்கு ஐந்து நிமிட வேலை. வாய் கெட்டுவிட்டால் டிரில் போட வேண்டிவரும்.

பின் தளர்ந்ததும் ஃபோர்க்கோடு காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றுங்கள். காலிப்பர் டிஸ்க்கை விட்டு வர மறுத்தால், முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு கட்டியிருந்தால் பேட் அதில் மாட்டிக்கொள்ளும். வெளியே வந்த காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். கட்டுக்கம்பியால் ஃபோர்க்கோடு சேர்த்துக் கட்டுங்கள். இனி மாட்டி முடிக்கும்வரை யாரும் முன் பிரேக் லீவரைத் தொடக்கூடாது. பிள்ளைகள் சுற்றி நின்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டிஸ்க் இல்லாத காலிப்பரில் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே தெறித்து ஆயில் கொட்டிவிடும். அதற்குப் பிறகு அது வீட்டு வேலையாக இருக்காது.

பேட் பின்னை இப்போது முழுவதும் எடுங்கள். பேட்கள் கழன்று வரும். ஸ்பிரிங்கையும் ஷிம் தகடுகளையும் (பேட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுகள்) வந்த வரிசையிலேயே ஒரு தாளில் பரப்பி வையுங்கள்.

பழைய பேட்டில் என்ன தெரிகிறது

இரண்டு பழைய பேட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். பிரேக்கின் உடல்நலம் முழுக்க அதில் எழுதியிருக்கும்.

இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிமன் என்றால் காலிப்பர் ஒழுங்காக வேலை செய்கிறது. பிஸ்டன் பக்கப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகிவிட்டது. காலிப்பர் நகராததால் எதிர்ப்பக்கப் பேட்டுக்கு வேலையே கிடைக்கவில்லை. ஒரே பேட்டின் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் ஆப்பு மாதிரி இருந்தால், இரண்டு ஸ்லைடு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கலாம், அல்லது இரட்டைப் பிஸ்டனில் ஒன்று சிக்கியிருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

மெட்டீரியலின் முகம் கண்ணாடி போல் பளபளத்தால் அதீதச் சூட்டில் இறுகிப்போயிருக்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போது எஞ்சின் பிரேக்கைப் பயன்படுத்தாமல் டிஸ்க்கையே பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் வண்டியில் இதைப் பார்க்கலாம். முகம் கருத்து ஈரமாக, விரலில் பிசுபிசுப்பாக ஒட்டினால் எண்ணெய் பட்டிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். ஃபோர்க் ஆயில் சீல் கசிந்து கீழே வழிந்திருக்கலாம். இன்னொரு காரணமும் நம் ஊரில் சகஜம்: வாட்டர் வாஷ் முடிந்ததும் வண்டி மினுங்கட்டும் என்று டீசலை ஸ்ப்ரே செய்து கொடுப்பார்கள், அது டிஸ்க்கிலும் பேட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வாஷுக்கு விடும்போதே டீசல் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிஸ்டன்

இனி வேலையின் மையம் இதுதான். தேய்ந்த பேட்டோடு ஓடிய வண்டியில் பிஸ்டன் நிறைய வெளியே வந்திருக்கும். வெளியே தெரியும் அந்தப் பகுதி முழுக்க மாதக்கணக்கான பேட் தூசியும் சாலை மண்ணும் பிடித்துக் கெட்டிப்பட்டிருக்கும். அதை அப்படியே உள்ளே தள்ளினால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ‘சீல்’ அந்த அழுக்கில் அறுபடும்.

சீலின் வேலை ஆயிலைத் தடுப்பது மட்டுமல்ல. லீவரை அழுத்தும்போது அந்தச் சதுர ரப்பர் வளையம் பிஸ்டனோடு சேர்ந்து சற்றே வளைகிறது. லீவரை விட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் இம்மியளவு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது இந்த ரப்பரால்தான், வேறு ஸ்பிரிங் எதுவும் அங்கே இல்லை. பிஸ்டன் அழுக்காக இருந்தால் அது திரும்பி வராது. பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், மைலேஜ் குறையும், டிஸ்க் சுடும், புது பேட்டும் வீணாகத் தீரும்.

ஆகவே சோப்புத் தண்ணீரில் தோய்த்த டூத் பிரஷ்ஷால் பிஸ்டனைச் சுற்றித் தேயுங்கள். நேர் எதிரே இருப்பதை எல்லாரும் தேய்ப்பார்கள். பின்பக்கம் சுவரை ஒட்டியிருப்பதுதான் விட்டுப்போகும். பனியன் வேஸ்ட்டை நாடாவாகக் கிழித்துப் பிஸ்டனைச் சுற்றிக் கொடுத்து இருபுறமும் மாறி மாறி இழுத்தால் அந்த இடமும் சுத்தமாகும். கடைசியாக பிரேக் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். ஸ்க்ரூ டிரைவராலோ உப்புத்தாளாலோ பிஸ்டனைச் சுரண்டக் கூடாது. பிஸ்டனின் பக்கவாட்டில் துருப்புள்ளிகளோ ஆழமான கீறலோ தெரிந்தால் அது மாற்ற வேண்டிய பிஸ்டன். அதை மெக்கானிக் பார்க்கட்டும்.

பளிச்சென்று ஆனதும் புது பிரேக் ஆயில் ஒரு துளியை விரலில் தொட்டுப் பிஸ்டனைச் சுற்றித் தடவி, கட்டைவிரல்களால் நேராக உள்ளே அழுத்துங்கள். நல்ல நிலையில் உள்ள பிஸ்டன் கை பலத்துக்கே போகும். போகவில்லை என்றால் பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன் மேல் வைத்து, அதன்மேல் சி கிளாம்ப்பை வைத்து மெதுவாக இறுக்குங்கள். கோணலாக அழுத்தினால் பிஸ்டன் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். இரட்டைப் பிஸ்டனாக இருந்தால் ஒன்றைத் தள்ளும்போது மற்றொன்று வெளியே வரப் பார்க்கும். அதை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மேலே ஆயில் கிண்ணத்தைப் பாருங்கள். விளிம்பை எட்டினால் சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள்.

காலிப்பரின் பின்புறம் ரப்பர் தொப்பி போட்ட சிறிய நிப்பிள் ஒன்று இருக்கும். அதைத் திறந்து பிஸ்டனைத் தள்ளச் சொல்வோர் உண்டு. புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம். காற்று உள்ளே போய்விட்டால் பிளீடிங் செய்ய வேண்டிவரும். ஏபிஎஸ் வண்டியில் சில சமயம் சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் இல்லாமல் அந்தக் காற்றை வெளியேற்றவே முடியாது.

ஸ்லைடு பின்

காலிப்பரையும் அதன் பிராக்கெட்டையும் இரு கையில் பிடித்து இழுத்தால் இரண்டும் தனித்தனியே வரும். இரண்டு பின்னும் ரப்பர் பூட்டுக்குள்ளிருந்து வெளிவருவதைக் காணலாம். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று தடித்தோ, ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருந்தோ வரலாம். கழற்றக்கூடியவையாக இருந்தால் எது எந்த ஓட்டைக்கு என்று குறித்துவையுங்கள்.

பழைய கிரீஸ் கருத்துப் பிசினாகியிருக்கும். முழுவதையும் துடைத்தெடுங்கள். ஓட்டைக்குள்ளும் துணியை முறுக்கி விட்டு எடுங்கள். பின்னில் லேசான துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் போக்கலாம். குழி விழுந்திருந்தால் பின் மாற்ற வேண்டும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், விலை சொற்பம். கிழிந்த பூட் வழியே ஒரு மழைக்காலத் தண்ணீர் போனாலே பின் இறுகிவிடும். சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் பின் திரும்பத் திரும்ப வெளியே தள்ளும். செருகிய பிறகு பூட்டின் விளிம்பு அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். காலிப்பர் இப்போது ஒரு விரல் தள்ளுக்கே வழுக்கி நகர வேண்டும்.

பேட் பின்னையும் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பேட் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் பேட் அந்தப் பள்ளத்தில் சிக்கி நகராது. புது பின் போடுங்கள்.

டிஸ்க்

டிஸ்க்கின் மேல் நகத்தை ஆரவாக்கில் இழுத்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் இயல்பு. நகம் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வாய்க்கால் விழுந்திருந்தால் கவனிக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே அச்சடித்திருக்கும். வெர்னியர் காலிப்பர் என்ற அளவு கருவியால் அளக்கும்போது தேயாத வெளி விளிம்பில் வைத்து அளந்துவிடாதீர்கள். பேட் ஓடும் பாதையில் வைத்து மூன்று நான்கு இடத்தில் அளங்கள். அச்சடித்த அளவுக்குக் கீழே இருந்தால் புது பேட் போட்டுப் பயனில்லை, டிஸ்க்கையும் மாற்ற வேண்டும். நல்ல டிஸ்க் என்றால் பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தத் துணியால் இருபுறமும் துடையுங்கள். துணியில் கருப்பு வராதவரை துடைக்க வேண்டும்.

மாட்டுவது

கையுறையை மாற்றிக்கொள்ளுங்கள். புது பேட்டின் முகத்தைக் கிரீஸ் பட்ட விரல் தொட்டாலே போயிற்று, மெட்டீரியல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பிரிங்கைப் படத்தில் உள்ளபடி வையுங்கள். அம்புக்குறி இருந்தால் பெரும்பாலும் அது சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்டும். ஷிம் தகடுகள் புது பேட்டோடு வரவில்லை என்றால் பழையதையே சுத்தம் செய்து பொருத்துங்கள். அவற்றை விட்டுவிட்டால் கீச்சுச் சத்தம் நிச்சயம்.

பேட்களை உள்ளே வைத்து, ஸ்பிரிங்கை எதிர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு பேட் பின்னைச் செருகுங்கள். கையால் மட்டும் திருகி விடுங்கள், கடைசி இறுக்கம் பிறகு. இரண்டு பேட்டின் மெட்டீரியலும் ஒன்றையொன்று பார்க்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தகட்டுப் பக்கத்தை டிஸ்க் பக்கம் திருப்பி மாட்டிவிடுவது புதியவர்கள் செய்யக்கூடிய பிழைதான்.

காலிப்பரை டிஸ்க் மேல் நேராக இறக்குங்கள். பேட் விளிம்பில் இடித்தால் அடித்து ஏற்றாமல், பேட்களை விரலால் விரித்துவிட்டு இறக்குங்கள். போல்ட்டின் மரையைத் துடைத்து, முன்பு நீல நிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) இருந்ததற்கான அடையாளம் தெரிந்தால் ஒரு துளி விட்டு, முதலில் கையாலேயே நான்கைந்து சுற்றுத் திருகுங்கள். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பானரால் ஏற்றினால் ஃபோர்க்கின் அலுமினிய மரை அறுந்துவிடும். இறுக்க அளவு வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் பெரும்பாலும் 22 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் வரும், பேட் பின்னுக்கு 15 முதல் 18 வரை. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இதைவிடக் கூடுதல். இந்த அளவைப் பார்த்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஸ்பானரோடு குழாய் சொருகி நீட்டி இறுக்க வேண்டாம். சாதாரண நீள ஸ்பானரில் ஒரு கை பலம் போதும். ஆனால் வண்டியை ஓட்டும் முன் அளவு பார்த்து இறுக்கித் தரச் சொல்லி ஒரு மெக்கானிக்கை அணுகுவது நல்லது. காலிப்பர் இறுகிய பிறகு பேட் பின்னை இறுக்கி, கிளிப்பைப் போடுங்கள். ஸ்பிளிட் பின் என்றால் பழையதை மறுபடி வளைக்காமல் புதிது போடுங்கள்.

வண்டியை நகர்த்தும் முன்

இந்த ஒரு படியை விட்டால் உயிருக்கே ஆபத்து. பிஸ்டன்களை நாம் முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறோம். முதல் தடவை லீவரை இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டில் பார் வரை வந்துவிடும், பிரேக் பிடிக்கவே பிடிக்காது. வண்டி நின்ற இடத்திலேயே லீவரை மெதுவாக, பத்து, இருபது தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். படிப்படியாகக் கெட்டிப்படும். கெட்டியானதும் அழுத்திப் பிடித்தபடி அரை நிமிடம் வையுங்கள். லீவர் மெல்ல உள்ளே அமுங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. எவ்வளவு அடித்தும் பஞ்சு போலவே இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. இரண்டிலும் வண்டியை ஓட்டக் கூடாது.

லீவர் சரியாக இருந்தால் ஆயில் அளவைப் பாருங்கள். புது பேட்டோடு மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஊற்ற வேண்டியிருந்தால் மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும், சீல் உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றுங்கள். நம் வண்டிகளில் பெரும்பாலும் டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கான் வகை, இதோடு கலக்கவே கூடாது. டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரமேறிய ஆயிலுக்கு நிர்ணயித்த அளவு 155 டிகிரிதான். ஆயில் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்கு மாறியிருந்தாலோ, மாற்றி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தாலோ, அடுத்த சர்வீஸில் முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசும் சத்தம் இருக்கலாம், ஆனால் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். பிரேக்கைப் பிடித்து விட்ட பிறகும் அதேபோல் சுற்ற வேண்டும். பிறகு வண்டியை உருட்டி, நடை வேகத்தில் பிடித்துப் பாருங்கள். அதன்பிறகே சாலை.

புது பேட்டைப் படிய வைப்பது

புது பேட் முதல் நாளே முழு பலத்தோடு பிடிக்காது. மெட்டீரியலின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிந்த பிறகே பிடிமானம் வரும். ஆளரவம் இல்லாத நேரான சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போய், மிதமாகப் பிடித்து 15 வரை குறையுங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் பேட்டின் சூடான முகம் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டித் திட்டு விழும். அரை நிமிடம் சாதாரணமாக ஓட்டி ஆறவிட்டு மறுபடி. எட்டுப் பத்து முறை செய்த பிறகு பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். முதல் 200 கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டியோடு கூடுதல் இடைவெளி விடுங்கள். புது பேட் போட்ட கையோடு எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்குக் கிளம்பாதீர்கள்.

அதன்பிறகும் தொல்லை இருந்தால்

முதல் ஓரிரு நாள் கீச்சுச் சத்தம் வந்து தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஷிம், ஸ்பிரிங் இரண்டையும் மறுபடி பாருங்கள். பேட் தகட்டின் பின்புறம், பிஸ்டன் தொடும் இடத்தில் மட்டும், பிரேக்குக்கான கிரீஸை மிக மெல்லிதாகத் தடவலாம். மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் வரும் கரகரப்பு டிஸ்க்கின் மேல் படிந்த துரு. இரண்டு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

லீவர் விரலை உதைப்பது போல் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கிறது, பேட்டின் குற்றம் அல்ல. ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் டிஸ்க்கின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். பிரேக்கே பிடிக்காமல் ஓட்டியும் அனல் அடித்தால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. எண்ணெய் பட்ட பேட்டைத் தீயில் வாட்டி, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டும் வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே இறங்கிய எண்ணெய் அடுத்த முறை சூடாகும்போது மறுபடி மேலே வரும்.

பின் சக்கர டிஸ்க்குக்கும் இதே முறைதான். அங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது செயின் ஸ்ப்ரே. செயினுக்கு அடிக்கும்போது டிஸ்க்கை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் காலிப்பர் போல்ட்டுகளையும் பேட் பின்னின் கிளிப்பையும் ஒருமுறை சோதியுங்கள். மாற்றிய தேதியையும் ஓடோமீட்டர் அளவையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். பழைய பேட் இரண்டில் ஒன்றைத் துடைத்து டூல் பெட்டியில் போட்டுவையுங்கள், அடுத்த முறை பிஸ்டனை உள்ளே தள்ள அதுவே உதவும்.